உப்புமா உதிரியாக வர...

கேள்வி: சம்பா கோதுமை ரவையில் காய்கறிகள் சேர்த்து உப்புமா கிளறினால் களி போல ஆகிவிடுகிறது, முந்திரியும் நமுத்துப் போகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: ரவையை வறுப்பதில்தான் பெரும்பாலும் குறை இருக்கும். ஒரு தேக்கரண்டி நெய்யில், சிறு தீயில், கைவிடாமல் கிளறி, வாசம் எழுந்து ரவை லேசாகச் சிவக்கும் வரை வறுத்துத் தனியே ஆறவைத்துவிடுங்கள். அவசரத்தில் அரைகுறையாக வறுத்த ரவை கொதிநீரில் விழுந்ததும் பசைவிட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஒரு கப் ரவைக்கு இரண்டு கப் தண்ணீர் போதும். ரவை பருமனாக இருந்தால் மட்டும் இன்னும் அரை கப் சேர்க்கலாம். கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி ஆகியவற்றைத் தாளிப்பிலேயே உப்பு சேர்த்து முக்கால் பதம் வதக்கிக்கொண்டு, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ரவையைத் தூவி, மூடிபோட்டுச் சிறு தீயில் பத்து நிமிடம் வேகவிட வேண்டும். அடிக்கடி கிளறாதீர்கள், கரண்டி பட்டுப்பட்டே ரவை உடைந்து குழையும். அடுப்பை அணைத்த பின்னும் ஐந்து நிமிடம் மூடியே வைத்திருந்தால் மிச்ச ஈரத்தை ரவையே இழுத்துக்கொள்ளும்.

முந்திரியைத் தாளிப்போடு வேகவிடாமல், முதலில் நெய்யில் பொன்னிறமாக வறுத்தெடுத்துவிட்டு, பரிமாறும்போது கலந்தால் மொறுமொறுப்பு போகாது. என் விருப்பம் வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலைதான். விலையும் குறைவு, கோதுமையின் வாசத்துக்கும் அதுவே நன்றாகப் பொருந்துகிறது.