கம்பம் பக்கம் “டேம் 136 ஆயிடுச்சு” என்றால் என்ன அர்த்தம்?

முல்லைப் பெரியாறு அணையில் நீர்மட்டம் 136 அடி என்று அர்த்தம். கம்பம், கூடலூர், குமுளியில் ‘டேம்’ என்றால் சுவரை மட்டும் சொல்வதில்லை. “டேம் ஏறுது” என்றால் தண்ணீர் ஏறுகிறது. “டேம் திறந்தாச்சு” என்றால் வயலுக்குத் தண்ணீர் விட்டாயிற்று, நாற்று விடலாம். பெரிய அணையை ஒட்டி இருக்கிற சின்ன அணைக்குப் ‘பேபி டேம்’ என்றே பெயர். கோர்ட் வழக்கில்கூட அந்தப் பெயர்தான்!

சரி, எண்களுக்கு வருவோம். முழுக் கொள்ளளவு 152 அடி. பாதுகாப்பு கருதி 1979-க்குப் பின் 136-ஆகக் குறைத்தார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்க அனுமதித்தது. இங்கே விவசாயிக்கு அதைவிட முக்கியம் 104. தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்து, மலையடிவார லோயர் கேம்ப் மின்நிலையத்தில் மின்சாரம் எடுத்த பிறகுதான் வயலுக்குப் போகும். மட்டம் 104-க்குக் கீழே போய்விட்டால் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறாது. அணையில் எவ்வளவு கிடந்தாலும் நமக்கு இல்லை. அதனால்தான் ஜூன் பிறந்தால் டீக்கடையில் முதல் கேள்வியே, “டேம் எவ்வளவு?”