ஆயிரம் கோடி பீப்பாய் அறிக்கையை நம்பிப் பங்கு வாங்கலாமா?

கேள்வி: "வெளிநாட்டுப் பங்குச் சந்தையில் பட்டியலான ஒரு சிறிய எண்ணெய் ஆய்வு நிறுவனத்தின் பங்கை வாங்கச் சொல்லி என் மைத்துனர் ஒரே பிடியாக நிற்கிறார். அவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார். கடலடியில் 200 கோடி பீப்பாய் இருப்பதாகப் பெயர்பெற்ற மதிப்பீட்டு நிறுவனமே அறிக்கை கொடுத்திருக்கிறதாம். முதலாளி பெரிய கை, தன் சொந்தப் பணத்தையும் போட்டிருக்கிறார், தேவைப்பட்டால் இன்னும் போடுவேன் என்று வாக்கும் கொடுத்திருக்கிறார். விலை வேறு ஏறிக்கொண்டே போகிறது. நம்பி இறங்கலாமா, எதைப் பார்த்து முடிவெடுப்பது?"

பதில்: இத்தனையும் எழுதிய நீங்கள், அந்த நிறுவனம் இதுவரை ஒரு நாளைக்கு எத்தனை பீப்பாய் வெளியே எடுத்திருக்கிறது என்பதை மட்டும் எழுதவில்லை. உங்கள் மைத்துனருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். அது தெரியும்வரை வாங்காதீர்கள். ஏன் என்று சொல்வதற்குப் பிரேசிலின் ஐக்கி பாட்டிஸ்டாவைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. நீங்கள் அடுக்கியிருக்கும் நம்பிக்கைகள் அத்தனையும் அவர் நிறுவனத்திலும் இருந்தன, இன்னும் பெரிய அளவில்.

ஆளைப் பற்றி முதலில் கொஞ்சம். அப்பா எலியேசர் பாட்டிஸ்டா, பிரேசிலின் சுரங்க நிறுவனமான வாலேயின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர். மகன் ஜெர்மனியில் உலோகவியல் படிக்கப்போய்ப் பாதியில் விட்டுவிட்டு, 1980களின் தொடக்கத்தில் அமேசான் காட்டில் தங்கம் வாங்கி விற்கத் தொடங்கினார். அப்புறம் தங்கச் சுரங்கம், இரும்புத்தாது, மின்சாரம், துறைமுகம், கப்பல் கட்டுதல் என்று வரிசையாக நிறுவனங்கள். எல்லாவற்றின் பெயரும் எக்ஸ் என்ற எழுத்தில்தான் முடியும், செல்வத்தைப் பெருக்கும் குறியாம். 2008இல் இரும்புத்தாதுச் சொத்துகளில் ஒரு பகுதியை ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனத்துக்குச் சுமார் 550 கோடி டாலருக்கு விற்றார். அதாவது வெறும் வாய்வீச்சுக்காரர் இல்லை, பணம் பண்ணிக் காட்டியவர். அதனால்தான் அவர் எண்ணெயில் இறங்கியபோது யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை.

அவருடைய எண்ணெய் நிறுவனமான ஓஜிஎக்ஸ் தொடங்கியது 2007இல். அந்த வருடக் கடைசியில் பிரேசில் அரசு எண்ணெய் தேடும் உரிமைக்காகக் கடல் வட்டாரங்களை ஏலம் விட்டது. ஏலத்துக்குச் சில வாரம் முன்புதான் ஆழ்கடலில், உப்புப் படிவத்துக்கு அடியில், துப்பி என்ற இடத்தில் பிரம்மாண்டமான எண்ணெய் இருப்பு தெரியவந்தது. உடனே அரசு என்ன செய்தது தெரியுமா, அந்தப் படிவத்தை ஒட்டிய 41 வட்டாரங்களை ஏலப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது. மிச்சமிருந்ததில் 21 வட்டாரங்களை ஓஜிஎக்ஸ் அள்ளிக்கொண்டது, கடலில் பெரும்பாலும் ஆழம் குறைந்த பகுதிகள். ஆனால் சந்தைக்கு அந்த வேறுபாடெல்லாம் உறைக்கவில்லை. பிரேசில் கடல் என்றாலே எண்ணெய் என்ற மயக்கம். அரசு நிறுவனமான பெட்ரோபிராஸிலிருந்து அனுபவசாலிகளையும் பாட்டிஸ்டா இழுத்து வந்திருந்தார். 2008 ஜூனில் ஓஜிஎக்ஸ் பங்கு வெளியிட்டபோது 410 கோடி டாலர் அளவுக்குக் குவிந்தது. அப்போது அது பிரேசிலிலேயே மிகப் பெரிய பங்கு வெளியீடு. அந்தத் தேதியில் அந்த நிறுவனம் ஒரு சொட்டு எண்ணெய்கூட எடுத்திருக்கவில்லை.

இனி உங்கள் 200 கோடி பீப்பாய்க்கு வருகிறேன்.

எண்ணெய்த் துறையில் "இருக்கிறது" என்பதற்கு மூன்று படிகள் உண்டு. கீழ்ப்படி ப்ராஸ்பெக்டிவ்: நில அதிர்வு ஆய்வுப் படத்தைப் பார்த்து, இந்த இடத்தில் துளைத்தால் இவ்வளவு கிடைக்கலாம் என்று போடும் கணக்கு. துளைத்துப் பார்த்ததே கிடையாது. நடுப்படி கன்டின்ஜென்ட்: துளைத்தாயிற்று, எண்ணெய் கண்ணில் பட்டாயிற்று, ஆனால் லாபமாக எடுக்க முடியுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. மேல்படிதான் ரிசர்வ்ஸ், அதாவது இன்றைய தொழில்நுட்பத்தில், எதிர்பார்க்கும் விலையில், லாபத்தோடு எடுக்கக்கூடியது. அதற்குள்ளும் 1பி, 2பி, 3பி என்று பிரிவு இருக்கிறது. 1பி அளவாவது கிடைக்க 90 சதவீத வாய்ப்பு, 2பிக்கு 50, 3பிக்கு வெறும் 10. மேல்படியில் ஒரு பீப்பாயும் கீழ்ப்படியில் ஒரு பீப்பாயும் ஒன்றாகவே ஆகாது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்கிற நிறுவனத்தை அந்த ஒரு காரணத்துக்காகவே சந்தேகப்படலாம்.

ஓஜிஎக்ஸ் அதைத்தான் செய்தது. 1,080 கோடி பீப்பாய் என்ற எண் பிரேசில் முழுக்கச் சுற்றியது. டிகோல்யர் அண்ட் மெக்நாட்டன் என்ற, இந்தத் துறையில் நிஜமாகவே மதிப்புள்ள அமெரிக்க நிறுவனத்தின் மதிப்பீடு அது, போலி ஒன்றும் இல்லை. 2011 ஏப்ரலில் அந்த அறிக்கை வெளியானபோது உள்ளே படித்துப் பார்த்தவர்கள், எதிர்பார்த்ததைவிடக் கன்டின்ஜென்ட் குறைவு, பெரும்பகுதி இன்னும் கீழ்ப்படியில்தான் கிடக்கிறது என்று கண்டார்கள். பங்கு ஒரே நாளில் படுத்தது. படிக்காதவர்கள், விலை இறங்கியிருக்கிறது, நல்ல சந்தர்ப்பம் என்று வாங்கினார்கள். மதிப்பீட்டு நிறுவனம் தனக்குக் கொடுக்கப்பட்ட தரவை வைத்துக் கணக்குப் போடுகிறது, கூலி கொடுப்பது ஆய்வு நிறுவனம். எண்ணெய் வந்தே தீரும் என்று அது எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை. முதல் சில பக்கங்களில் எச்சரிக்கையெல்லாம் தெளிவாக அச்சாகியிருக்கும். யார் படிக்கிறார்கள்?

இன்னொன்று, துளைக்கும்போது வரும் அறிவிப்புகள். ஒவ்வொரு கிணற்றிலும் எண்ணெய்த் தடம் தெரிந்தது, இத்தனை மீட்டர் எண்ணெய்ப் படலம் தெரிந்தது என்று ஓஜிஎக்ஸ் அடுக்கடுக்காக அறிக்கை விட்டது. ஒவ்வொன்றுக்கும் விலை ஏறும். படலம் 100 மீட்டர் என்றால் அந்த 100 மீட்டரும் எண்ணெய் தரும் என்று அர்த்தமில்லை. அதற்குள் உண்மையில் எண்ணெய் விடக்கூடிய பாறையின் கனம் எவ்வளவு என்பதை நெட் பே என்பார்கள். அதையும் தாண்டி, அந்தப் பாறையின் நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் இருந்தும் கிணற்றை நோக்கி நகராது. முதல் சில நாள் சோதனையில் வேகமாக வந்துவிட்டு அப்புறம் சுணங்கிப்போகும் கிணறுகள் ஏராளம். அதனால் சில மணி நேரச் சோதனையை நம்பாதீர்கள், மாதக்கணக்கில் நடத்தும் நீண்டகால உற்பத்திச் சோதனையின் எண் வரட்டும்.

ஓஜிஎக்ஸுக்கு அந்த எண் வந்தபோதுதான் எல்லாம் கலைந்தது. 2012 ஜனவரியில் கம்போஸ் படுகையில், பிற்பாடு துபரோங் அசூல் என்று பெயரிட்ட எண்ணெய் வயலில் முதல் எண்ணெய். ஒரு கிணற்றுக்கு நாளொன்றுக்கு 20,000 பீப்பாய்வரை எதிர்பார்க்கலாம் என்று பேசியிருந்தார்கள். ஜூன் மாதக் கடைசியில் நிறுவனமே அறிவித்தது: கிணற்றுக்கு 5,000 பீப்பாய்தான் நிலையாக எடுக்க முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு கிணறு என்றால் 80,000 வரவேண்டிய இடத்தில் 20,000. ஆனால் எண்ணெயைச் சேமித்துப் பிரிக்கிற மிதக்கும் கப்பலின் வாடகை குறையாது, கடன் வட்டி குறையாது, துளைத்த செலவு திரும்பி வராது. வருமானம் கால்வாசி, செலவு அப்படியே. பங்கு மறுநாளே கால்வாசி மதிப்பை இழந்தது. அந்த வருட மார்ச் மாதம்தான் பாட்டிஸ்டாவுக்குப் போர்ப்ஸ் பட்டியலில் 3,000 கோடி டாலர் சொத்தோடு உலகின் ஏழாவது பணக்காரர் என்று பெயர் வந்திருந்தது, சீக்கிரமே முதலிடம் என்று அவர் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றீர்கள். 2012 அக்டோபரில் பாட்டிஸ்டாவும் கொடுத்தார். தேவைப்பட்டால் பங்குக்கு 6.30 ரியால் (பிரேசில் நாணயம்) வீதம் 100 கோடி டாலர்வரை நானே போடுகிறேன் என்று எழுத்துப்பூர்வமாக. அடுத்த வருடம் செப்டம்பரில், பங்கு ஒரு ரியாலுக்கும் கீழே கிடந்தபோது, நிறுவனம் அதைக் கேட்டது. அவர் அதை ஏற்காமல் தகராறு கிளப்பினார். இப்படிப்பட்ட வாக்குறுதியில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான், பணம் தனிக்கணக்கில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறதா. இல்லையென்றால், நிறுவனம் முழுகும் நாளில்தான் அந்த வாக்கு தேவைப்படும், அன்றைக்கு முதலாளியின் சொத்தும் அதே தண்ணீருக்குள் இருக்கும்.

சொந்தப் பணம் போட்டிருப்பதும் அப்படித்தான். போட்டதைப் பார்க்காதீர்கள், விற்கிறாரா என்று பாருங்கள். 2013 மார்ச்சில் மூன்று வயல்கள் வணிகரீதியாகத் தேறும் என்று அறிவித்த ஓஜிஎக்ஸ், ஜூலை 1 அன்று அதே மூன்றையும் கைவிடுவதாகச் சொன்னது. அசூல் வயலும் அடுத்த வருடமே நின்றுபோகலாம் என்றது. இடைப்பட்ட மே, ஜூன் மாதங்களில் பாட்டிஸ்டா தன் பங்குகளில் ஒரு பகுதியைச் சத்தமில்லாமல் விற்றிருந்தார். பிரேசிலின் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான சிவிஎம் இதை விசாரித்து, 2019இல் 53 கோடி ரியாலுக்கு மேல் அபராதமும், நிறுவனப் பொறுப்பு வகிக்க ஏழு ஆண்டுத் தடையும் விதித்தது. நிறுவனத்தின் இயக்குநர்கள், பெரும் பங்குதாரர்கள் வாங்குவதும் விற்பதும் பெரும்பாலான சந்தைகளில் பொதுவில் வெளியிடப்படும். பங்குச் சந்தையின் இணையதளத்திலேயே கிடைக்கும், பத்து நிமிட வேலை.

2013 அக்டோபர் 30 அன்று ஓஜிஎக்ஸ் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. கடன் சுமார் 510 கோடி டாலர், லத்தீன் அமெரிக்காவில் அதுவரை கேள்விப்படாத அளவு. ஒன்று விழுந்ததும் மற்றவையும் சரிந்தன, ஏனென்றால் கப்பல் கட்டும் நிறுவனத்தின் முக்கிய வாடிக்கையாளர் ஓஜிஎக்ஸ், துறைமுகத்தின் கனவு வாடிக்கையாளரும் ஓஜிஎக்ஸ். ஒரே கிணற்றை நம்பிய ஐந்தாறு நிறுவனங்கள். உங்கள் நிறுவனத்தின் கப்பலும் துளைக்கருவியும் முதலாளியின் இன்னொரு நிறுவனத்திலிருந்து வாடகைக்கு வருகின்றனவா என்றும் ஆண்டறிக்கையில் பாருங்கள். பங்குதாரர்கள் கதி? கடன்காரர்கள் கடனைப் பங்காக மாற்றிக்கொண்டபோது, பழையவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து மிஞ்சியது சுமார் 10 சதவீதம்.

அதற்கப்புறம் நடந்த லஞ்ச வழக்கு, 2017 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து திரும்பி விமான நிலையத்திலேயே கைதானது, 2018இல் கீழ் நீதிமன்றம் கொடுத்த 30 ஆண்டுத் தண்டனை, இதெல்லாம் பரபரப்பானவை, ஆனால் உங்கள் கேள்விக்கு அவ்வளவு தொடர்பில்லை. பங்கு வாங்கியவர்களின் பணம் 2013இலேயே போய்விட்டது. நடுவில் ஒரு நீதிபதி, பறிமுதல் செய்த பாட்டிஸ்டாவின் போர்ஷே காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய்க் கேமராவில் மாட்டிய கூத்தும் உண்டு.

ஒரு விஷயத்தில் அவருக்கு நியாயம் செய்ய வேண்டும். எல்லாமே காற்றில் கட்டிய கோட்டை இல்லை. அவர் தொடங்கிய அசூ துறைமுகம் வேறு கைகளுக்குப் போய் இன்றும் இயங்குகிறது. இன்னும் சுவாரசியம், கடலில் கோட்டைவிட்ட அதே குழு, உள்நாட்டில் மரன்யாவ் மாநிலத்தில் பர்னாயிபா படுகையில் நிஜமாகவே எரிவாயு கண்டுபிடித்தது. வாயு கிடைத்த இடத்திலேயே மின்நிலையம் வைத்து மின்சாரமாக விற்றார்கள். அது இன்று எனேவா என்ற பெயரில் நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு ஆயிரம் கோடி பீப்பாய்க்கு முன்னால் அந்த வயல் எடுபடவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. அந்த மதிப்பீட்டு அறிக்கையை முழுதாக இறக்கிக்கொண்டு, 200 கோடி எந்தப் படியில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். முழுக்க ப்ராஸ்பெக்டிவ் என்றால், அடுத்த கிணறு வறண்டால் பாதி மதிப்பு ஒரே நாளில் போகக்கூடிய பங்கு அது. தொலைந்தாலும் தூக்கம் கெடாத தொகைக்கு மேல் போடாதீர்கள், கடன் வாங்கியோ வைப்புத்தொகையை உடைத்தோ போடவே வேண்டாம். கன்டின்ஜென்ட் என்றால் நீண்டகாலச் சோதனை முடிவு வரும்வரை பொறுங்கள். அதற்குள் விலை ஏறிவிடுமே என்றால் ஏறட்டும், சோதனை நன்றாக வந்தபின் கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்குவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. 2பி ரிசர்வ்ஸாகவே கணிசமாக இருந்தால் மட்டும் கடன், கையிருப்புப் பணம், ஒரு பீப்பாய் எடுக்க ஆகும் செலவு என்று மேற்கொண்டு கணக்குப் பார்க்கலாம்.

மைத்துனரின் பங்கை இப்போதே விற்கச் சொல்லிச் சண்டைபோட வேண்டாம். விலை இரட்டிப்பாகியிருந்தால் போட்ட முதலை மட்டும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள், மீதி கிடக்கட்டும். அடுத்த கிணற்றின் சோதனை முடிவு எந்த மாதம் வரும் என்று நிறுவனத்தின் முதலீட்டாளர் தொடர்புப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். தேதி சொல்ல மறுத்தாலோ, தேதிக்குப் பதிலாகப் புதிதாக ஒரு பீப்பாய்க் கணக்கு வந்தாலோ, மீதியையும் விற்றுவிடலாம்.