தெரபிஸ்ட்டுக்குப் பதில் உதவியாளர் பார்த்தால்?

கேள்வி: நியூயார்க் குவீன்ஸில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். ஐந்து வாரங்களுக்கு முன் கத்தி வழுக்கி, மோதிர விரலில் உள்ளங்கைப் பக்கம் நரம்பு அறுந்து, ஆபரேஷன் ஆனது. ஒர்க்கர்ஸ் காம்ப் (வேலையில் காயம்பட்டவர்களுக்கான இழப்பீட்டுக் காப்பீடு) மூலம், கையை மறுபடி வேலைக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி போகிறது. முதல் நாள் தெரபிஸ்ட் பார்த்தார். அப்புறம் பெரும்பாலும் உதவியாளர்தான். “காம்ப் கேஸை உதவியாளர் தொடக்கூடாது, இன்சூரன்ஸ் பணம் தராது, பில் உன் தலையில்தான் விழும்” என்கிறார் கூட வேலை செய்பவர். உண்மையா?

பதில்: அவர் சொல்வது ஒரு காலத்தில் பாதி உண்மை. பில் உங்கள் தலையில் விழும் என்பது மட்டும் அப்போதும் தவறு.

காம்ப் நோயாளிக்குச் சிகிச்சை தர, நியூயார்க்கில் மாநிலத் தொழிலாளர் இழப்பீட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளுக்கே அது 2020 ஜனவரி 1 முதல்தான் திறந்துவிடப்பட்டது. உதவியாளர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. ஒரே கிளினிக்கில், பக்கத்து மேசையில் இருக்கும், மெடிகேர் என்ற முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் வந்த பாட்டியின் கையை உதவியாளர் பிடித்து நீவிக்கொண்டிருப்பார். காம்ப் கேஸில் வந்த தொழிலாளியோ தெரபிஸ்ட்டின் நேரத்துக்காகக் காத்திருப்பார். கை விஷயத்தில் காத்திருப்பது என்றால் விரல் இறுகிப்போவது. பிறகு சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற தெரபிஸ்ட்டின் மேற்பார்வையில் உதவியாளர் காம்ப் நோயாளியையும் பார்க்கலாம் என்றானது. பழைய தடை தகுதியைப் பார்த்து வந்தது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற குழப்பம்தான் அதன் பின்னால் இருந்தது. மெடிகேர்கூட உதவியாளர் செய்த வேலைக்கு 2022 முதல் வழக்கமான கட்டணத்தில் 85 சதவீதம்தான் தருகிறது.

உதவியாளர் என்றதும் கட்டு மாற்றுகிற கம்பவுண்டரை நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு, அதில் 16 வார முழுநேரக் களப்பயிற்சி, தேசியத் தேர்வு, அப்புறம் மாநில உரிமம். மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் பெயரைத் தட்டி உரிமத்தை நீங்களே சரிபார்க்கலாம்.

ஆனால் எல்லை உண்டு. கையை மதிப்பிடுவது, சிகிச்சைத் திட்டம் போடுவது, அதை மாற்றுவது, போதும் என்று முடிப்பது எல்லாம் தெரபிஸ்ட்டின் பொறுப்பு. உங்கள் கேஸில் இது முக்கியம். நீங்கள் நரம்பு என்று எழுதியிருப்பது அநேகமாக தசைநாண்; விரலை மடக்குகிற கயிறு. தைத்த முதல் சில வாரங்களில் அதிகம் இழுத்தால் தையல் விட்டுப்போகும், அசைக்காமலே வைத்தால் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். பொதுவாக ஆறு வாரம் வரை விரலைத் தாங்கும் சிம்பு (ஸ்பிளிண்ட்), முழுப் பலத்தோடு பிடிக்க ஏறக்குறைய பன்னிரண்டு வாரம். ஆறாவது வாரத்தை ஒட்டித் திட்டம் மாறும். அந்தச் சமயத்தில் தெரபிஸ்ட் உங்கள் விரலைக் கையில் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

என்னுடன் வேலை பார்த்த உதவியாளர் ஒருவர் ஒரு நாள் பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். “இவர் தானாக மடக்கும்போது நடு மூட்டு பாதியில் நிற்கிறது, நான் மடக்கினால் முழுசாகப் போகிறது” என்றார். மூட்டில் கோளாறில்லை, தசைநாண் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றே பயிற்சியை மாற்றினேன். வாரம் மூன்று முறை அந்த விரலைத் தொட்டவர் அவர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்க்கிற எனக்கு அது தாமதமாகத்தான் தெரிந்திருக்கும்.

எனவே அடுத்த முறை போகும்போது, தெரபிஸ்ட் கடைசியாக எப்போது கையை அளந்தார், மறுபடி எப்போது அளப்பார் என்று கேளுங்கள். தயங்க வேண்டாம். “அவர் ஃபைலைப் பார்த்துக்கொள்கிறார்” என்பது பதில் இல்லை. நேரில் பார்ப்பதே இல்லை என்றால் வேறு இடம் மாறலாம். முதலாளியின் காப்பீடு குறிப்பிட்ட மருத்துவ வலையமைப்புக்குள் கட்டிப்போட்டிருந்தால் தவிர, அங்கீகாரம் பெற்ற யாரையும் தேர்ந்தெடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. விசா நிலையைக் காட்டி யாராவது பயமுறுத்தினாலும், நியூயார்க்கில் காம்ப் உரிமைக்கு அது தடையில்லை.

பணத்துக்கு வருவோம். கேஸ் ஏற்கப்பட்டிருந்தால், கட்டணத் தகராறு கிளினிக்குக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலானது. உங்களிடம் கேட்கக் கூடாது. கேஸ் நிராகரிக்கப்பட்டால் நானே கட்டுகிறேன் என்று சேரும்போது ஏ-9 என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அது வேறு. மற்றபடி வீட்டுக்குப் பில் வந்தால் கட்டாதீர்கள். வாரியம் கொடுத்த வழக்கு எண்ணைச் சொல்லி கிளினிக்குக்குத் திருப்பி அனுப்புங்கள், கடிதத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சமையலறையில் எதைத் தூக்குகிறீர்கள், எந்தக் கத்தி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நறுக்குகிறீர்கள் என்று அந்த உதவியாளரிடம் விவரமாகச் சொல்லுங்கள். எட்டு, பத்து வாரம் தாண்டி, டாக்டர் சம்மதித்ததும், வெறும் பந்தை அழுத்துவதற்குப் பதில் அந்த வேலைக்கே கையைப் பழக்கிவிடுவார்.