பதிவேட்டில் பெயர் இருந்தால் படித்தவர் என்று பொருளா?

குடும்பத்தில் முன்பு ஒரு மருத்துவச்சி இருந்தார் என்று அறிந்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலும் இங்கிலாந்து பற்றியவை. எல்லோரிடமும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த ஆண்டு? 'தகுதி பெற்றவர்' என்ற சொல்லுக்கு 1740இல் ஒரு பொருள், 1880இல் வேறு பொருள், 1910இல் முற்றிலும் வேறு பொருள்.

கேள்வி: அம்மா, என் மருமகள் இங்கிலாந்துக்காரி. பேத்திக்காக இரு பக்க வம்சாவளியையும் எழுதிவருகிறேன். மருமகளின் கொள்ளுப்பாட்டியின் தாயார் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'சான்று பெற்ற மருத்துவச்சி' என்று இருக்கிறார். எங்கே படித்திருப்பார்?

பதில்: எங்கும் படிக்காமலே சான்று பெற்றிருக்கலாம். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான மருத்துவச்சிகள் சட்டம் 1902இல் வந்தது. அதற்காக மத்திய மருத்துவச்சிகள் வாரியம் அமைந்தது. வாரியம் பதிவேடு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டது. அதில் இடம்பெற மூன்று வழிகள் இருந்தன. வாரியத்தின் தேர்வில் தேறியிருக்கலாம். முதல் தேர்வு 1905இல் நடந்தது. லண்டன் மகப்பேறியல் சங்கம் போன்ற அமைப்புகளின் பழைய சான்றிதழைக் காட்டியிருக்கலாம். மூன்றாவது வழியில் படிப்பே வேண்டியதில்லை: சட்டம் நிறைவேறியபோது ஓராண்டாவது உண்மையாகத் தொழில் செய்தவர், நன்னடத்தை உடையவர் என்றால் போதும்.

பதிவேட்டில் பெயரைக் கண்டவுடன் மூடிவிடாதீர்கள். அதே வரியில் பதிவான தேதியும் தகுதியும் இருக்கும். அங்கே 'தொழிலில், ஜூலை 1901' என்று கண்டால், அவர் மூன்றாவது வழியில் வந்தவர். அந்த மூன்று சொற்களைப் பார்க்காமல் 'பாட்டி மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர்' என்று குடும்ப வரலாற்றில் எழுதிவைத்த பலரை அறிவேன். முதன்முதலில் எழுதியபோது நானும் அதே தவறைச் செய்தேன்.

கேள்வி: அப்படியானால் தேர்வு எழுதியவர் நிறையப் படித்தவரா?

பதில்: தொடக்கத்தில் பயிற்சிக் காலம் மூன்றே மாதம். அதற்குள் குறைந்தது 20 பிரசவங்களைக் கவனித்திருக்க வேண்டும். 1916இல் அது ஆறு மாதமாயிற்று. முப்பது ஆண்டு ஊரில் பிள்ளைபேறு பார்த்த கிழவியையும் மூன்று மாதம் பயின்ற இளம்பெண்ணையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். யாரை அழைத்திருப்பீர்கள்? எனக்கே விடை தெரியவில்லை.

கேள்வி: 1881 கணக்கெடுப்பில் என் கணவரின் முன்னோர் ஒருவர் பெயருக்கு எதிரே, 'மருத்துவச்சி' என்பதை அடுத்து எஸ்.எம்.எஸ். என்ற எழுத்துகள் இருக்கின்றன. பட்டமா?

பதில்: செல்பேசிக் குறுஞ்செய்தி இல்லை என்பது மட்டும் நிச்சயம். பட்டமும் இல்லை. தொழில்களை வகைப்படுத்துவதற்காகச் சேர்த்த குறிப்பு அது: 'கீழ்நிலை மருத்துவப் பணி' என்பதன் சுருக்கம். வீட்டோடு தங்கும் சாதாரணத் தாதிகளிலிருந்து பிரித்துக்காட்ட உதவியது. மாதத் தாதிகளுக்கு எதிரேயும் இதைக் காணலாம். மாதத் தாதி என்பவர் பேறுக்குப் பின் ஏறக்குறைய ஒரு மாதம் தாயையும் சேயையும் பார்த்துக்கொண்டவர். ஒரே பெண் ஒரு கணக்கெடுப்பில் மருத்துவச்சியாகவும் அடுத்ததில் மாதத் தாதியாகவும் இருப்பது சாதாரணம். இரண்டு வேலையும் செய்திருப்பார்.

கேள்வி: 1902க்கு முன் சான்றிதழே கிடையாதா?

பதில்: உண்டு, கட்டாயம்தான் இல்லை. லண்டன் மகப்பேறியல் சங்கம் 1872 முதல் மருத்துவச்சிகளுக்குத் தேர்வு நடத்தியது. டப்ளினில் ரொட்டண்டா, கூம் என்ற பேறுகால மருத்துவமனைகளின் சான்றிதழ்களுக்கு மதிப்பு அதிகம். 1902 சட்டமே அவற்றை ஏற்றது. ஆகவே பிற்காலப் பதிவேட்டில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம்.

கேள்வி: எங்களுடையவர் 1700க்கும் முந்தையவர். தேடுவது வீணா?

பதில்: இல்லவே இல்லை, எனக்குப் பிடித்த காலமே அதுதான். அப்போது உரிமம் கொடுத்தவர் மருத்துவர் அல்லர், திருச்சபையின் ஆயர் (பிஷப்). மருத்துவச்சி சத்தியம் செய்ய வேண்டும்: பிள்ளையை மாற்றிவைக்க மாட்டேன், மந்திர தந்திரம் செய்ய மாட்டேன், சாகக்கிடக்கும் குழந்தைக்கு அவசரமாக ஞானஸ்நானம் கொடுக்க நேர்ந்தால் முறைப்படி கொடுப்பேன். 1567இல் எலினர் பீட் என்பவர் செய்த சத்தியம் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. உரிமத்துக்கு ஆதரவாக, ஒரு மருத்துவச்சி பேறு பார்த்த பெண்கள் அளித்த சாட்சியங்களும் சில மறைமாவட்ட (ஆயரின் ஆளுகைப் பகுதி) ஆவணங்களில் இருக்கின்றன. கைராசி உள்ளவர் என்று ஊர்ப் பெண்கள் சொன்னதே அன்றைய தகுதி. இந்த உரிமங்கள் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரும்பாலும் நின்றுவிட்டன.

கேள்வி: ஸ்காட்லாந்தும் இந்தப் பதிவேட்டில் உண்டா?

பதில்: கிடையாது. ஸ்காட்லாந்துக்கு 1915இல் தனிச் சட்டம், அயர்லாந்துக்கு 1918இல்.

கேள்வி: ஊரே அவரிடம்தான் பிறந்தது என்கிறார்கள். பதிவேட்டில் பெயர் இல்லை. குடும்பக் கதை பொய்யா?

பதில்: அவசரப்படாதீர்கள். மணமாகிக் குடும்பப்பெயர் மாறியிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். அடுத்து ஆண்டைப் பாருங்கள். 1905 ஏப்ரலிலிருந்து சான்று இல்லாதவர் 'மருத்துவச்சி' என்று தன்னை அழைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் வேலை செய்யலாம்! 1910 ஏப்ரலில்தான், கூலிக்காக வழக்கமாகப் பேறு பார்ப்பதும் தடைசெய்யப்பட்டது. அப்போதும் மருத்துவரின் மேற்பார்வையில் செய்தால் தடையில்லை. விண்ணப்பிக்கவே இல்லாமல், பக்கத்துத் தெரு மருத்துவரின் பெயரில் பழையபடி தொழில் செய்தவர்கள் பலர்.

கேள்வி: என் பூட்டி மதராஸ் மாகாணத்தில் நகராட்சி மருத்துவச்சி. அவரைப் பற்றி எதில் தேடுவது?

பதில்: அங்கே பிரிகோடு 1926, மதராஸ் செவிலியர் மருத்துவச்சியர் சட்டம் வந்த ஆண்டு. அதற்குப் பின் என்றால் பதிவு எண்ணைத் தேடுங்கள். முன் என்றால் பயிற்சிச் சான்றிதழ், நியமன ஆணை, மிஷன் மருத்துவமனை என்றால் அதன் ஆண்டறிக்கை. சென்னையில் பேறுகால மருத்துவமனை 1844இலேயே தொடங்கிவிட்டது. அரசாணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். முதலில் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய தலைமுறை அது.

கேள்வி: 1860ஆம் ஆண்டுப் பிறப்புச் சான்றில் தகவல் தந்தவராக எங்கள் மருத்துவச்சி பெயர் இருக்கிறது. கையெழுத்துக்குப் பதில் எக்ஸ் குறி. எழுதத் தெரியாதவரா?

பதில்: அப்படித்தான் தோன்றுகிறது, எழுதத் தெரிந்தும் குறியிட்டவர்களும் உண்டு. 'பிறப்பின்போது உடனிருந்தவர்' என்று அதே கட்டத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அவர் அந்த அறையில் இருந்ததற்கு அதைவிட நேரடியான ஆதாரம் கிடைக்காது. அதே பதிவு வட்டாரத்தில் அந்த ஆண்டுகளில் பிறந்த மற்ற உறவுக் குழந்தைகளின் சான்றுகளையும் வரவழையுங்கள். அதே பெயர், அதே எக்ஸ் குறி மீண்டும் வரக்கூடும்.