மடியில் கனம்

கேள்வி: மட்டக்களப்பு பஸ் நிலையத்தடியில் எருமைத் தயிர் சட்டி ஒன்று வாங்கினேன். விற்ற அம்மா, "மேல் தட்டில வெச்சிராத மனே, மடியில வெச்சிட்டுப் போ" என்றார். முன்பின் தெரியாத எனக்காக அவர் காட்டிய அக்கறையை நினைத்து, வீடு வந்து சேரும் வரை மனம் கசிந்தது. இப்படியான சின்னச் சந்திப்புகள் வாழ்க்கையைப் பற்றி நமக்கு என்ன சொல்கின்றன?
(வாசகர் ஒருவர், அக்கரைப்பற்று)

பதில்: மனம் கசிந்தது இருக்கட்டும், சட்டி கசிந்ததா? அதை எழுதவில்லையே. 'தயிர்ச் சட்டி'யில் ஒற்றையும் வழியில் சிந்திவிட்டீர்கள். அந்த 'ச்' இல்லாவிட்டால் தயிர் வேறு, சட்டி வேறு.

அந்த அம்மாவின் அக்கறை உங்கள் மேல் அல்ல, தயிரின் மேல். புளிப்பு ஏற ஏறப் பாலின் புரதம் வலையாகப் பின்னி, தண்ணீரையும் கொழுப்பையும் உள்ளே பிடித்து வைத்திருப்பதுதான் தயிர். பஸ் தட்டில் வைத்தால் எஞ்சின் நடுக்கம் நேரே சட்டிக்கு ஏறும். வலை அறும், பச்சைத் தண்ணீர் மேலே நிற்கும். அறுந்தது குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் ஒட்டாது. மடியில் என்றால் குலுக்கலில் பாதியை உங்கள் தொடை தின்றுவிடும்.

மடி என்றதும் வேறொன்று. எருமைக்கும் மடி, உங்களுக்கும் மடி. ஒரு மடியில் சுரந்தது இன்னொரு மடியில் வந்து இருக்கிறது. மடி என்றால் சோம்பலும்தான். வள்ளுவர் 605ஆம் குறளில் நெடுநீர் (காரியத்தை இழுத்தடிப்பது), மறவி (மறதி), மடி, துயில் நான்கும் கெட்டுப்போகிறவர்கள் ஆசையோடு ஏறும் கலன் (மரக்கலம்) என்கிறார். சட்டியும் கலன்தானே! வள்ளுவர் திட்டிய நாலும் இல்லாமல் தயிர் உறையவே உறையாது.

காய்ச்சிய பாலை ஆற விட நெடுநீர் வேண்டும். சின்ன விரலை விட்டுப் பத்து எண்ணும் வரை சுடாமல் இருக்க வேண்டும். செல்சியஸ் பாகையில் 42, 43. அதற்கு முந்தி உறை விட்டால் உறையில் உள்ள உயிர் வெந்துபோகும், விடிந்தாலும் பால் பாலாகவே இருக்கும். லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உறைமோர் போதும். கெதியாக உறையட்டும் என்று மூன்று கரண்டி விடுகிறார்கள். கெதியாக உறையும், கெதியாகப் புளிக்கும், தண்ணியும் விடும். பிறகு மறவி: மூடியைத் திறந்து, சரித்துச் சரித்துப் பார்க்கிற கைக்குத் தயிர் ஒருநாளும் கட்டியாகாது. இடம் மாற்றி வைக்கவும் சோம்பல்பட வேண்டும். துயில் எட்டு மணித்தியாலம். மாரியில் சாக்கால் சுற்றிவிட்டு இன்னும் கொஞ்சம்.

கட்டியாகட்டும் என்று பால்மா கரைத்து ஊற்றுகிறவர்களோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய பகை. பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நாலு என்றால் எருமைப் பாலில் ஏழுக்கு மேல். அதற்கு மா எதற்கு? நாக்கில் ஒட்டுவதற்கா? 'நாங்களும் பிழைக்க வேண்டாமா' என்று போன மாதமும் ஒருவர் எழுதியிருந்தார். பிழையுங்கள், சட்டியில் 'பால்மாத் தயிர்' என்று எழுதிவிட்டுப் பிழையுங்கள். ஒற்றோடு.

கரைவலைக்கும் மடி உண்டு. இரண்டு பக்கமும் கரையில் நின்று இழுக்க, மீன் கடைசியில் வந்து அடைகிற பை. வலையிலேயே நெருக்கமான கண் அங்கேதான். ஒரு பக்கத்தார் வேகமாக இழுத்தால் மடி கோணும், மீன் சுற்றிக்கொண்டு போய்விடும். இழுக்கிற பாட்டு தாளத்துக்கு இருப்பது அழகுக்காக அல்ல. அதைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் கயிற்றில் கை வைக்கட்டும், விளங்கும்.

எங்கே விட்டேன்? சட்டி. உங்கள் காற்சட்டையில் வட்டமாக ஈரம் படிந்திருக்கும். அது ஓட்டை அல்ல, மண்சட்டி வியர்ப்பது. அந்த ஈரம் காய்வதால்தான் தயிர் குளிர்ந்து கிடக்கிறது. ஈரத்துக்குப் பயந்து பொலித்தீன் பையில் கட்டினால் வியர்க்க வழியில்லாமல் புளித்துவிடும். பேப்பரை நாலாக மடித்து (இதுவும் மடிதான்) அடியில் வையுங்கள். பின்சில்லுக்குப் பின்னால் உள்ள கடைசி வரிசையில் இருக்க வேண்டாம், தூக்கிப் போடும். வெயில் விழுகிற யன்னல் பக்கமும் வேண்டாம்.