வேனைக் கடைசியில் வாங்குங்கள்

வணக்கம் சார்,

எனக்குச் சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம். பத்து வருடமாகச் சிங்கப்பூரில் வேலை. போன வருடம் கம்பெனியில் சி.பி.ஆர். (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் முதலுதவி), ஏ.இ.டி. (இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் கருவி) பயிற்சி கொடுத்தார்கள். அப்புறம் இங்குள்ள சிவில் டிஃபன்ஸின் 'மைரெஸ்பாண்டர்' செயலியைப் போனில் போட்டுக்கொண்டேன். 400 மீட்டருக்குள் யாருக்காவது இதயம் நின்றுபோனால் போன் அலறும், தொண்டர்கள் ஓடுவோம். ஒருமுறை ஓடினேன். நான் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அன்று ராத்திரி முழுக்க ஊர் நினைப்புதான். இங்கிருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஊருக்கு ஓர் ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

நல்ல காரியம்தான். ஆனால் வேனைக் கடைசியில் வாங்குங்கள். வாங்காமலே விட்டாலும் சரி.

எங்கள் ஊரிலும் ஒன்று வாங்கினோம். வசூலுக்கு அலைந்தவர்களில் நானும் உண்டு. நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை எழுதவே பெயிண்டருக்கு மூன்று நாள் ஆனது. போன் நம்பருக்குப் பின்கதவில்தான் இடம் கிடைத்தது. முதல் வருடம் வண்டி ஜோராக ஓடியது. அப்புறம் டிரைவர் சம்பளத்தை யார் தருவது என்று பேச்சு வந்தது. இன்சூரன்ஸ் முடிந்தது, எஃப்.சி. முடிந்தது, டிரைவரும் வெளிநாடு போய்விட்டார். உங்கள் சிங்கப்பூருக்குத்தான்! போன மாதம் போய்ப் பார்த்தேன். வண்டி தார்ப்பாய்க்குள் நிற்கிறது. ஸ்ட்ரெச்சரை யாரோ வெளியே இழுத்துப் போட்டு மோர்மிளகாய் காயவைத்திருந்தார்கள்.

தமிழ்நாட்டில் 2008லிருந்து 108 ஓடுகிறது. கூப்பிட்டால் வருகிறது. ஆனால் நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி உங்களுக்கே நான் சொல்ல வேண்டுமா? கேட்டைத் தாண்டி வந்தாலும் ரோடு வரைக்கும்தான் வண்டி. அதற்கப்புறம் வரப்பு. அறுப்பு வயலில் கண்ணாடி விரியன் கடித்தவரை ரோட்டுக்குக் கொண்டுவருவது பக்கத்தில் நின்றவர்கள்தான். அந்த நேரத்தில் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டுகிறார்கள், பிளேடால் கீறுகிறார்கள், கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிவருகிறார்கள். மூன்றுமே தப்பு. கடிபட்ட காலை அசையவிடாமல் கட்டிலில் படுக்கவைத்துத் தூக்கி வர வேண்டும். விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராக அனுப்ப வேண்டும். இதைத் தெரிந்த நாலு பேர் தெருவுக்கு இருந்தால் போதும்.

இதயம் நின்றவருக்கு அவ்வளவு நேரம்கூடக் கிடையாது. ஆக்ஸிஜன் இல்லாமல் மூளை நாலைந்து நிமிடம்தான் தாங்கும். நெஞ்சின் நடுவில், ஐந்து சென்டிமீட்டராவது அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100லிருந்து 120 தடவை அழுத்த வேண்டும். நீங்கள் படித்ததுதான். அந்தப் படிப்பு ஊரில் யாருக்கு இருக்கிறது?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதியில், 1960களில் நோயாளியைப் போலீஸ் வேனில் தூக்கிப் போட்டுத்தான் கொண்டுபோவார்கள். வேனில் வரும் போலீஸ்காரருக்கு வைத்தியம் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. சி.பி.ஆரை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் பீட்டர் சஃபார், 1967ல் 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவைக்காக அந்தப் பகுதியிலேயே ஆள் எடுத்தார். பெரும்பாலும் வேலையில்லாமல் இருந்த இளைஞர்கள், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு ஏறக்குறைய 300 மணி நேரப் பயிற்சி. அந்நாட்டில் முறையாகப் பயிற்சி பெற்ற முதல் பாராமெடிக்குகளில் (ஆம்புலன்ஸிலேயே அவசரச் சிகிச்சை தருகிறவர்கள்) அவர்களும் அடக்கம். 1975ல் நகர நிர்வாகம் சொந்தமாகச் சேவை தொடங்கி இதை மூடிவிட்டது. அந்த அநியாயத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சஃபார் முதலில் தேடியது ஆட்களை. நீங்களும் பொங்கலுக்கு வரும்போது நடவுப் பெண்கள், டிராக்டர் ஓட்டுகிறவர்கள், டீக்கடைக்காரர் என்று இருபது பேரைச் சேருங்கள். முறையாகச் சொல்லித்தரத் தெரிந்த ஒருவரை இங்கிருந்தே ஏற்பாடு செய்யலாம், நான் விசாரிக்கிறேன். உங்கள் சான்றிதழையே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டுமே, அதேபோல் இவர்களுக்கும் திரும்பத் திரும்ப நடத்த வேண்டும். வசூலித்த பணத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிப் பொம்மை ஒன்று வேண்டும். வரும்போது அங்கிருந்தே கொண்டுவந்துவிடுங்கள். திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து, இது யார் என்று கேட்டால் மட்டும் என் பெயரைச் சொல்லாதீர்கள்.