ஏழு நாள் ஐஸ்லாந்து பயணத்தில் மேற்கு ஃபியோர்டுகளுக்கும் போக வேண்டுமா?

செப்டம்பரில் ஏழு நாள் லீவு, தீவைச் சுற்றி வரும் சாலையை முடித்துவிட்டு மேற்கு ஃபியோர்டுகளையும் பார்க்க முடியுமா, 'அங்கே ஆட்டைத் தவிர ஒன்றும் இல்லை' என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரி மட்டும் இல்லாவிட்டால் நான் பதில் எழுதியே இருக்க மாட்டேன்.

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டும் சேர்த்து முடியாது. சுற்றுச்சாலையே 1,300 கிலோமீட்டருக்கு மேல். அது மேற்கு ஃபியோர்டுகளுக்குள் நுழைவதே இல்லை. வரைபடத்தில் அந்தப் பகுதி விரல்களை விரித்த கை மாதிரி இருக்கும், விரல் இடுக்கில் எல்லாம் கடல், அந்தக் கடல் இடுக்குதான் ஃபியோர்டு. எதிர்க்கரையில் இருக்கும் பண்ணை வீட்டின் ஜன்னல் கூடத் தெரியும், ஆனால் அங்கே போக ஃபியோர்டின் உள்முனை வரை போய்ச் சுற்றித் திரும்பி வர வேண்டும். அங்கே ஹோல்மாவிக் என்ற ஊரிலிருந்து ஈசாஃபியோர்துர் என்ற ஊர் ஏறக்குறைய 220 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் என்று கிளம்பினோம், ஐந்தரை ஆனது. பாதி நேரம் ஆட்டுக்காகத்தான் நின்றோம். தாய் ரோட்டுக்கு இந்தப் பக்கம், குட்டி அந்தப் பக்கம் நின்றால் பிரேக்கில் கால் வையுங்கள். குட்டி கட்டாயம் குறுக்கே ஓடி வரும். இதை எனக்கு எந்த வழிகாட்டியும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஏனென்றால் என் தாத்தா ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரி. கோடையில் ஆட்டை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர் வரை போய் வயலில் கிடை போடுவார். கல்லூரியில் 'ஆட்டுக்காரன் பேரன்' என்றுதான் எனக்குப் பெயர். 'ஆடு பார்க்கவா ஐஸ்லாந்து போனாய்' என்று கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். ஆமாம், ஆடு பார்க்கத்தான் போனேன்.

அருவி, பனியாறு எல்லாம் இல்லாமல் இல்லை. தின்யாந்தி அருவி நூறு மீட்டர் உயரம், மேலே ஒடுங்கிக் கீழே பாவாடை மாதிரி விரியும். ட்ராங்காயோக்குல் பனியாற்றைப் பார்க்க கால்தலோன் வரை போய்க் கல்லில் நடந்தோம், பனியின் நுனி மேகத்துக்குள் போய்விட்டது. பனியாறுதான் முக்கியம் என்றால் தெற்கே வாட்னாயோக்குல் பக்கம் போங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனால் செப்டம்பர் என்கிறீர்களே! கோடை முழுக்க மலையில் தன்னிஷ்டத்துக்கு மேய்ந்த ஆடுகளை அப்போதுதான் குதிரையிலும் நடந்தும் போய் இறக்கிக்கொண்டு வருவார்கள். இதற்கு ரியெத்திர் என்று பெயர். நடுவில் வட்டமாக ஒரு பட்டி, அதைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரம் மாதிரி தடுப்புகள், ஒவ்வொரு தடுப்பும் ஒரு பண்ணைக்கு. ஊரே உள்ளே இறங்கி, கொம்பைப் பிடித்து, ஆட்டை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கி, காதைப் பார்த்து அவரவர் தடுப்புக்குள் தள்ளுகிறது. காதில் வெட்டு! பிளாஸ்டிக் வில்லையும் உண்டு, ஆனாலும் எந்தப் பண்ணைக்கு எந்தக் காதுவெட்டு என்று அச்சடித்த பதிவேடே வைத்திருக்கிறார்கள். எங்கள் தாத்தாவின் பதிவேடு அவர் தலைக்குள் இருந்தது, அவரோடு போய்விட்டது.

ஹோல்மாவிக் பக்கத்தில் செம்மறிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. ஆகஸ்டில் அங்கே கிடாயைக் கையால் தடவிப் பார்த்துத் தரம் சொல்லும் போட்டி நடத்துகிறார்கள். தாத்தா சந்தையில் முதுகெலும்பை அழுத்திப் பார்த்தே எத்தனை கிலோ கறி என்று சொல்வார். அங்கே அதற்குப் பரிசு, இங்கே அதற்குப் பெயர் படிக்காதவன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கில் பாதி கருவேலம், பாதி பிளாட். ஆட்டை ரோட்டில் ஓட்டினால் ஹாரன் அடித்துத் திட்டுகிற அதே ஆள் ஐஸ்லாந்தில் காரை நிறுத்தி ஆட்டோடு செல்ஃபி எடுக்கிறான். என் மச்சானைத்தான் சொல்கிறேன். வயலில் வெள்ளை பிளாஸ்டிக் சுற்றிக் கிடந்த தீவனப்புல் உருளைகளைப் பார்த்து 'இதெல்லாம் பனியா மாமா' என்று கேட்டவரும் அவர்தான்.

அந்த ரியெத்திர் பட்டியில் ஒரு வயதானவர் நான் காதைக் காதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, உங்கள் ஊரில் எப்படி வெட்டுவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பார்க்கிங் ரசீதின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். இடது காதில் நுனி வெட்டு, வலது காதில் பின்பக்கம் ஒரு பள்ளம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பள்ளத்தை இன்னும் ஆழமாக வெட்டியிருக்க வேண்டும், முடி வளர்ந்தால் தெரியாது என்றார். எங்கள் ஆட்டுக்கு அவ்வளவு முடி கிடையாது ஐயா என்றேன்.

சுற்றுச்சாலையை விட்டுவிடுங்கள். ஏழு நாளில் நான்கை மேற்கு ஃபியோர்டுகளுக்கு வையுங்கள். காற்றடிக்கும்போது கார்க்கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். காற்றில் பிய்ந்த கதவுக்கு எங்கள் இன்சூரன்ஸ் ஒரு பைசா தரவில்லை.